மூக்கால் இரத்தம் வந்தால்: எங்கே அழுத்துவது, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து அவருடைய எட்டு வயது மகனுக்குக் கிழமைக்கு ஓரிரு தடவை மூக்கால் இரத்தம் வருகிறது. மாமி பிள்ளையின் தலையைப் பின்னால் சாய்த்து, உச்சியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். அதே வீட்டில் இருக்கும் அந்தத் தாயின் அப்பாவுக்கு எழுபது வயது. இதயத்துக்குக் குளிசை எடுப்பவர். அவருக்கும் போன மாதம் ஒருமுறை இரத்தம் வந்து நின்றிருக்கிறது. என்ன செய்வது, எதற்குப் பயப்படுவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, இரத்தம் வரும் நேரத்தில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்க்கலாம்.

பிள்ளையைக் கதிரையிலோ உங்கள் மடியிலோ நிமிர்த்தி உட்கார வையுங்கள். தலை சற்று முன்னுக்குக் குனிந்திருக்கட்டும். உங்கள் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மூக்கின் மென்மையான பகுதியை, இரண்டு துவாரமும் முழுதாக மூடும்படி இறுக்கிப் பிடியுங்கள். மூக்கைத் தடவிக்கொண்டே கீழே வந்தால் எலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடம் ஒன்று கையில் தட்டுப்படும். அதற்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். பலர் மேலே, கண்ணுக்குப் பக்கத்தில் எலும்பைப் பிடிக்கிறார்கள். எலும்பை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருக்கும் நாளம் அமுங்காது. ஒரு பக்கத்தால் மட்டும் வந்தாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பிடியுங்கள். பிள்ளை வாயால் மூச்சு விடட்டும். வாய்க்குள் வரும் இரத்தத்தை விழுங்காமல் ஒரு பாத்திரத்தில் துப்பட்டும்.

பிடித்ததும் மணிக்கூட்டைப் பாருங்கள். பத்து நிமிடம், முடிந்தால் பதினைந்து நிமிடம். இடையில் ஒரு தடவைகூட விட்டுப் பார்க்கக் கூடாது. நான் திருகோணமலையில் தாதியாக வேலை செய்த காலத்தில், "அரை மணித்தியாலமாக அழுத்திப் பிடிச்சும் நிக்கேல்ல" என்று பதறி வந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சரியான இடத்தில், விடாமல் பிடித்ததிலேயே இரத்தம் நின்றது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நிமிடமும் விரலை எடுத்து "நிண்டிட்டுதா" என்று பார்த்திருப்பார்கள். நாளத்தின் வாயில் இரத்தம் உறைந்து அடைக்கச் சில நிமிடங்கள் வேண்டும். பாதியில் கையை எடுத்தால் அந்த இளம் அடைப்பு கழன்றுவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயந்த மனசுக்கு ஒரு நிமிடம் ஐந்து நிமிடம் போலத் தெரியும் என்பதால்தான் மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

பதினைந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு நேரம் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. மூக்குக்குள் பஞ்சு, துணி, டிஷூ எதையும் திணிக்க வேண்டாம். வெளியே இழுக்கும்போது உறைந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

இப்போது மாமி சொல்லும் முறைக்கு வருவோம். தலையைப் பின்னால் சாய்த்தால் இரத்தம் வெளியில் தெரியாது. அதனால் நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது தொண்டை வழியாக வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும். வயிற்றுக்கு இரத்தம் ஒத்துக்கொள்ளாது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை கறுப்பாகவோ கடும் சிவப்பாகவோ சத்தி எடுக்கும், வீடே பயந்துபோகும். மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் புரைக்கேறும். எவ்வளவு இரத்தம் போனது என்ற கணக்கும் தெரியாமல் போகும். உச்சியில் தண்ணீர் ஊற்றுவதால் கெடுதல் இல்லை, ஆனால் ஊற்றும் ஆரவாரத்தில் மூக்கைப் பிடிக்க ஆள் இல்லாமல் போகிறதே, அதுதான் பிழை. வெங்காயம் மணப்பது, தேசிக்காய்ச் சாறு விடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். புண்பட்ட தோலில் அமிலம் பட்டால் இன்னும் எரிந்து இன்னும் கசியும். இளநீரும் நுங்கும் கொடுப்பதென்றால் நின்ற பிறகு தாராளமாகக் கொடுங்கள். ஐஸ் கட்டி ஒன்றை வாய்க்குள் வைத்து உறிஞ்சுவது மூக்கின் நாளங்களைக் கொஞ்சம் சுருங்க வைக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சரி, சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கிவிடும். மாமியோடு வாதாடத் தேவையில்லை. நீங்கள் மூக்கைப் பிடியுங்கள், மணிக்கூட்டை அவவின் கையில் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.

இரத்தத்தின் அளவைப் பார்த்துப் பதற வேண்டாம். எச்சிலும் சளியும் தண்ணீரும் கலந்தால் இரண்டு மேசைக்கரண்டி இரத்தம் ஒரு துவாயையே நனைத்தது போலக் காட்டும். இரத்த வங்கியில் ஒரு பெரியவர் 450 மில்லிலீற்றர் கொடுத்துவிட்டு, தேநீர் குடித்து வீட்டுக்குப் போகிறார். ஆனால் பிள்ளையின் கணக்கு வேறு. 25 கிலோ நிறையுள்ள பிள்ளையின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 2 லீற்றர் இரத்தம்தான் இருக்கும். அதனால் பிள்ளைக்கு நிற்காமல் ஓடினால் பெரியவர்களுக்குக் காத்திருக்கும் அளவுக்குக் காத்திருக்கக் கூடாது.

சரி, ஏன் வருகிறது? இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் உள்ள சுவரின் முன்பகுதியில், விரல் நுனி எட்டும் தூரத்தில், ஐந்து நாடிகளின் கிளைகள் வந்து சேர்ந்து ஒரு வலை போலப் பின்னிக்கிடக்கின்றன. 1879இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் லிட்டில் இந்த இடத்தை விவரித்தார். இன்றும் வைத்தியர்கள் அதை லிட்டிலின் பகுதி என்கிறார்கள். பத்தில் ஒன்பது மூக்கு இரத்தம் இங்கிருந்துதான் வருகிறது. மேலே மூடியிருக்கும் தோல் மிக மெல்லியது. அது காய்ந்து வெடித்தாலோ நகம் பட்டாலோ கசியத் தொடங்கிவிடும்.

காய வைக்கும் வேலையை எங்கள் ஊரில் கச்சான் நன்றாகவே செய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து சூடேறி, எங்கள் பக்கம் இறங்கும்போதுதான் கச்சான் ஆகிறது. மே முதல் செப்டெம்பர் வரை உதடு வெடிப்பது போலவே மூக்கின் உள்தோலும் வெடிக்கும். பகல் முழுக்க மைதானத்துப் புழுதி, இரவு முழுக்க முகத்துக்கு நேரே ஃபான். காய்ந்தால் பொருக்குக் கட்டும், பொருக்கு அரிக்கும், பிள்ளை விரலை விடும். மூக்கு நோண்டினாயா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும், அடிக்க வேண்டாம். நித்திரையிலும் தெரியாமல் நோண்டும். "உடம்புச் சூடு" என்று பெரியவர்கள் சொல்வது பருவத்தைப் பொறுத்தவரை சரியான கவனிப்புத்தான். மருந்து வயிற்றுக்குக் கொடுப்பதை விட மூக்குக்குக் கொடுப்பது பலன் தரும்.

அந்த மருந்து மிகச் சாதாரணம். பயறளவு வாஸ்லினைச் சுத்தமான விரல் நுனியில் எடுத்து, துவாரத்தின் வாசலில், நடுச்சுவர்ப் பக்கமாகத் தடவி, வெளியிலிருந்து மெதுவாக அமுக்கிவிடுங்கள். காலையும் படுக்கப் போகும்போதும், இரண்டு கிழமைக்கு. பட்ஸ் வைத்து உள்ளே தள்ளக் கூடாது. நல்லெண்ணெய் துளி விடுவதை நான் விரும்புவதில்லை, சின்னப் பிள்ளைகளில் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் கெடுதல் செய்யும். விக்ஸை மூக்குக்குள் தடவவே கூடாது. பாமசியில் மூக்குக்கென்று விற்கும் சலைன் துளி அல்லது ஸ்ப்ரே நல்லது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ஃபானைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள், அடிக்கடி தண்ணீர் குடிக்க வையுங்கள். தும்மலும் தடிமனும் அடிக்கடி வரும் பிள்ளை என்றால் அந்த ஒவ்வாமைக்கு வைத்தியம் செய்யாமல் இரத்தம் மட்டும் நிற்கப்போவதில்லை.

இரத்தம் நின்ற நாளில் மூக்கைச் சீறக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்மட்டும். கொதிக்கக் கொதிக்கத் தேநீர், ஓடி விளையாடுவது, குனிந்து பாரம் தூக்குவது எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளி வையுங்கள். வகுப்பு ரீச்சரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பள்ளிக்கூடத்தில்தான் தலையை அண்ணாந்து பிடிக்கும் பழக்கம் இன்னும் அதிகம்.

உங்கள் மகனுக்கு இரண்டு பக்கத்தாலும் மாறி மாறி வருகிறதா, எப்போதும் ஒரே பக்கத்தாலா என்று இனிமேல் கவனியுங்கள். இது முக்கியம். எப்போதும் ஒரே பக்கம், அதோடு மூக்கு அடைப்பு, நாற்றம் என்றால் காற்றின் மேல் பழி போட்டுவிட்டு இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் மணி, அழிறப்பர்த் துண்டு, விதை என்று எதையாவது உள்ளே வைத்திருப்பார்கள். அது விளையாட்டுச் சாமானின் வட்டப் பற்றரி என்றால் சில மணித்தியாலத்துக்குள்ளேயே நடுச்சுவரை எரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கந்தளாய், மூதூர், தம்பலகாமம் பக்கத்தில் குளத்திலும் வாய்க்காலிலும் குளிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அட்டை. குளிக்கும்போதோ தண்ணீரை அள்ளிக் குடிக்கும்போதோ சின்ன அட்டை மூக்குக்குள் ஏறித் தங்கிவிடும். ஒரு பக்கத்தால் விட்டு விட்டு இரத்தம் வரும், உள்ளே ஏதோ அசைவது போல இருக்கும். வீட்டில் உப்புத் தண்ணீர் விட்டோ, பிடித்து இழுத்தோ எடுக்கப் பார்க்காதீர்கள். மற்றது ரைனோஸ்போரிடியோசிஸ். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அதிகம் காணப்படும் நோய் இது, தேங்கிய தண்ணீரில் குளிப்பதோடு தொடர்புள்ளது. மூக்குக்குள் சிவந்த, வெள்ளைப் புள்ளிகள் தூவிய சதை ஒன்று வளரும், தொட்டாலே இரத்தம் கசியும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. குளிசையால் கரையாது, சத்திரசிகிச்சை செய்து எடுத்து அடியைச் சுட வேண்டும். திரும்ப வளரக்கூடியது என்பதால் அதற்குப் பிறகும் கிளினிக்கை விடக் கூடாது.

அடுத்தது காய்ச்சல். இதை நான் உரத்துச் சொல்கிறேன். காய்ச்சலோடு மூக்கால் இரத்தம் வந்தால், அது நின்றுவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்கு என்ற சந்தேகத்தில் பதிவானார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். டெங்கில் இரத்தம் உறைய உதவும் இரத்தத்தட்டுகள் குறைவதாலும் நாளங்கள் கசிவதாலும் மூக்கு, முரசு (பல் ஈறு), தோல் என்று இரத்தம் தெரியும். காய்ச்சல் குறைந்துவிட்டது, பிள்ளை தேறிவிட்டது என்று நாம் ஆறுதல் படும், காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரையான நாட்கள்தான் ஆபத்தானவை. வயிற்று நோ, நிற்காத சத்தி, கை கால் குளிர்வது, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். காய்ச்சலுக்கு பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் நிறைக்கு ஏற்ற அளவில். அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனக், மெஃபனமிக் அசிட் எதுவும் கூடாது. உடம்பு நோவுக்கு என்று கடையில் வாங்கிப் போடும் குளிசையில் இவைதான் பெரும்பாலும் இருக்கும்.

உங்கள் மகனைவிட உங்கள் அப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் யோசனை. வயது போனவர்களுக்கு இரத்தம் மூக்கின் பின்பகுதியில், பெரிய நாடியிலிருந்து வரக்கூடும். அங்கே நம் விரல் எட்டாது. முன்னால் குனிந்து, சரியாகப் பிடித்திருக்கும்போதே தொண்டைக்குள் இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தால் அது பின்னால் இருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்கு எடுக்கும் குளிசை என்றால் அஸ்பிரினாக, குளோபிடோகிரலாக, வோர்ஃபரினாக இருக்கலாம். இரத்தம் உறைவதைத் தடுப்பதுதான் அவற்றின் வேலை. வோர்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து எடுப்பவருக்கு மூக்கால் இரத்தம் வந்தால் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், நிற்குமா என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதய நாளம் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்த ஒருவர் இரத்தம் வருகிறதே என்று குளிசையை நிறுத்தினால் அடைப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த முடிவு வைத்தியருடையது. வோர்ஃபரின் எடுப்பவர் என்றால், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

பிரஷரைப் பற்றி ஒரு சொல். இரத்தத்தைக் கண்ட பயத்தில் எவருக்கும் பிரஷர் ஏறும். வீட்டு மெஷினில் 180 என்று காட்டியதும் இன்னொரு குளிசையைக் கொடுத்துவிடாதீர்கள். கூடிய பிரஷர் இரத்தம் நிற்பதைத் தாமதப்படுத்தும், உண்மைதான். ஆனால் இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்குப் பிரஷரைத் திடீரென்று இறக்குவது அதைவிட மோசம். போன மாதம் நின்றுவிட்டது என்று இருக்காமல் இந்தக் கிழமையே அவரைக் கிளினிக்கில் காட்டுங்கள்.

உடனே போக வேண்டிய வேளைகள் வேறும் உண்டு. விழுந்தோ அடிபட்டோ வந்த இரத்தம், முக்கியமாகத் தலையில் அடிபட்டு, இரத்தத்தோடு தண்ணீர் போல ஏதாவது வடிந்தால் உடனே போக வேண்டும். தலைசுற்றி வெளிறிப்போனாலோ, மூச்செடுக்கக் கஷ்டப்பட்டாலோ, பெருமளவு இரத்தம் விழுங்கிச் சத்தி எடுத்தாலோ முப்பது நிமிடக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. மயக்கம் வருகிறது என்றால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், மல்லாத்த வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூக்கால் இரத்தம் வருவது அபூர்வம், ஒரு தடவை வந்தாலும் காட்ட வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. ஓட்டோவில் போவதானால் ஓட்டுபவர் தவிர மூக்கைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் இருப்பவர்கள் பட்டணத்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடிக்காமல் கிட்ட உள்ள அரச ஆஸ்பத்திரிக்கு முதலில் போகலாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய் எங்கும் ஆதார வைத்தியசாலை உண்டு. முதல் வைத்தியம் அங்கேயே நடக்கும், தேவை என்றால் அவர்களே அனுப்புவார்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். முதலில் அவர்களும் பிடித்துத்தான் பார்ப்பார்கள். நாளத்தைச் சுருக்கும் மருந்தில் நனைத்த பஞ்சு வைப்பார்கள், இரத்தம் வரும் புள்ளி தெரிந்தால் சில்வர் நைத்திரேற்றுக் குச்சியால் தொட்டுச் சுடுவார்கள். விறைக்க மருந்து போட்ட பிறகு செய்வதால் கொஞ்சம் எரிவு மட்டும் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கச் சுவரையும் சுடுவதைத் தவிர்ப்பார்கள், சுவரில் ஓட்டை விழாமல் இருக்க. இதற்கும் நிற்காவிட்டால் மூக்கை அடைத்துக் கட்டி ஒன்றிரண்டு நாள் வைத்திருப்பார்கள். அந்த அடைப்பு அசௌகரியமானது. வீட்டில் நீங்களாக இழுத்துவிட வேண்டாம். பின்பகுதி இரத்தத்துக்கு பலூன் வைப்பதும், அரிதாக நாடியை மூடும் சத்திரசிகிச்சையும் உண்டு.

வேறு சிலரையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூக்கின் நாளங்கள் பருத்திருப்பதால் லேசாக இரத்தம் வருவது வழக்கம், கிளினிக்கில் சொன்னால் போதும். சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுபவர்களுக்கு, தடிமனோடு இறங்கி ஏறும்போது மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளில் அழுத்தம் மாறி இரத்தம் வரும். மூக்கடைப்பு இருக்கும் நாளில் இறங்கக் கூடாது. பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்க அடைப்போடு வேகமாக இரத்தம் பாய்ந்தால், அல்லது பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்க இரத்தத்தோடு கழுத்தில் கட்டியோ காது கேட்பதில் குறைவோ இருந்தால், காது மூக்குத் தொண்டை நிபுணரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். கட்டி இருக்கிறதா என்று பார்த்தேயாக வேண்டிய அறிகுறிகள் அவை. முரசால் இரத்தம், காரணமில்லாமல் தோல் கன்றிப்போதல், குடும்பத்துப் பெண்களுக்கு மாதவிடாய் அளவுக்கு மிஞ்சிப் போதல் இவை சேர்ந்திருந்தால் இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம். அதற்குச் சோதனைகள் உண்டு.

மகனுக்கு வாஸ்லினும் நகம் வெட்டுவதும் தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் குறையாவிட்டால் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு ஒரு கடிதம் வாங்குங்கள். போகும்போது ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் நின்றது, அப்போது காய்ச்சல் இருந்ததா. அப்பாவைக் கூட்டிப் போகும்போது கிளினிக் கொப்பியும், அவர் எடுக்கும் எல்லாக் குளிசைகளின் உறைகளும், கடையில் தானாக வாங்கிப் போடுவது உட்பட, ஒரே பையில் இருக்கட்டும்.